வெள்ளியம்புதூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்

வெள்ளியம்புதூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மெத்தைக் கடை நாச்சிமுத்துவுக்கு மட்டும் அது தெரியாது.

கல்யாணம், காதுகுத்து, எழவு, பால் சொசைட்டி கூட்டம் எதுவானாலும் தொடங்குவதற்கு முன் ஊர் எழுந்து நின்று அந்த விஷயத்தைச் சேர்ந்தாற்போல் சொல்லும். கும்மென்று ஒரு முனகல் எழும். சொல் எதுவும் பிரிந்து கேட்காது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். பிறகு எல்லாரும் உட்கார்ந்து கொள்வார்கள். நாச்சிமுத்து அந்த நேரத்தில் ரைஸ்மில் சென்னியப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைப்பார். சென்னியப்பனுக்கு அகலமான முதுகு. அதை நம்பியே நாச்சிமுத்து ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்.

யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். வெளியூரில் இருந்துகொண்டு எதுவும் தோன்றலாம். தெரிந்த ஒருவரிடம் போய் அந்த விஷயத்தைச் சொன்னால் அவரை மட்டம் தட்டியதாக ஆகிவிடும். தெரியாதவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. ஆகவே யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நாச்சிமுத்து மந்தமான ஆள் இல்லை. அவர் தலையின் வாகு அப்படி. பொது விஷயம் எதுவும் அதில் தங்காது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதைத் தினமும் எழுந்து வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கிழமை, மாதம், முதலமைச்சர் யார், ஊருக்குத் தெற்கே ஓடுவது என்ன ஆறு என்பதையெல்லாம் மனைவி தனபாக்கியம் காலையில் காப்பியோடு சொல்லி அனுப்புவாள். கடையைத் திறப்பதற்குள் ஆறிவிடும்.

வேறு யாருக்கும் தெரியாத விஷயம் என்றால் அவரிடம் கல்வெட்டுதான். பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போடும்போதே, அந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள், யார் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள் என்று தெரிந்துவிடும். யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

மூச்சு விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் அனுபவித்திருக்கிறார். கடைக்குப் போக அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சந்து இருந்தது. ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு நின்ற தபால்காரரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. சந்தைக் காட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஊரே அதில் போனது. இப்போது அங்கே ஒரு பேக்கரி கூட இருக்கிறதாம். நாச்சிமுத்துவால் அதற்கப்புறம் அந்தச் சந்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

அவரிடம் இருந்தவற்றில் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒன்று. அது மகள் தாரணி சம்பந்தப்பட்டது.

தாரணி வங்கியில் வேலை பார்க்கிறாள். மேனேஜரையே எதிர்த்துப் பேசுவாள். ஆனால் இடி இடித்தால் அவளுக்குக் கைகால் ஓடாது. மூன்று வயதிலிருந்து அப்படித்தான். இடி கேட்டால் நாச்சிமுத்து அவள் பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளைப் பொத்துவார். “வண்டி போகுது கண்ணு” என்பார். வேறொன்றும் இல்லை. தனபாக்கியத்துக்குக் கூட இது தெரியாது. இடி கேட்டால் அவள் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடிவிடுவாள். வானத்தில் கேட்கிற சத்தத்துக்கு இடி என்று பெயர் என்பதையே நாச்சிமுத்து அந்த இரண்டு காதுகளை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார்.

தாரணி தனக்கொரு பையனைத் தானே பார்த்து வைத்திருந்தாள். பொன்னிபாளையத்துப் பையன். குணமானவன். அவன் இல்லாமல் வேறு கல்யாணம் கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். பையனின் அப்பா தெய்வசிகாமணி ஒரு நாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு முறைகளைப் பேசினார்.

“எங்க பக்கம் ஊரே சேந்து சொல்ற வழக்கம் இல்லீங்க. நிச்சயத்தன்னைக்குப் பொண்ணைப் பெத்தவரு தனியாச் சொல்லுவாரு. நாங்க காது குளுரக் கேட்டுக்குவோம். அப்பறந்தான் தட்டு மாத்தறது.”

“சொல்லலைன்னா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“சொல்லாம எப்புடீங்க இருப்பாங்க? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே.”

“இல்லீங்க, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.”

“ஒரு பேச்சுக்குன்னா, தட்டை எடுத்துக்கிட்டு வண்டி ஏறிருவோமுங்க” என்று தெய்வசிகாமணி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தாரணி மட்டும் சிரிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் நாச்சிமுத்து வெட்கத்தை விட்டு மனைவியிடம் கேட்டார்.

“ஏம் புள்ள, அந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இருக்குதல்ல, அது என்ன?”

தனபாக்கியம் சேலை மடிப்பதை நிறுத்தினாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “காலங்காத்தால வெளையாடாதீங்க” என்றாள். பிறகு மடித்த சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அவர் பொது அறிவு அலுவலகத்துக்குப் போனார். அது ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே இருக்கிறது. படியேறியதும் ஒரு நடைக்கூடம். நடக்க நடக்க அது நீண்டுகொண்டே போனது. ஜாங்கிரி வாசனை கூடவே வந்தது. ஓரத்து பெஞ்சில் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆபீசு இன்னும் எவ்வளவு தூரமுங்க?”

“நடந்தா வராதுங்க. நிக்கோணும்.”

நாச்சிமுத்து நின்றார். அலுவலகம் வந்து சேர்ந்தது.

உள்ளே மரகதம் என்கிற அதிகாரி வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

“சொல்லிக் குடுக்கறது எங்க வேலை இல்லீங்க. தெரிஞ்சிருக்குதான்னு பாக்கறதுதான் வேலை” என்றாள். எழுந்து வந்து தன் காதை அவர் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

“பொது ஒண்ணுமே இல்லீங்க.”

“தெரியுமுங்க.”

“தொடச்சி வெச்சாப்பல இருக்குது. இன்னைக்கு என்ன கெழமை?”

“காத்தால சொன்னா. ஆறிப்போச்சுங்க.”

மரகதம் மறுபடியும் கேட்டாள். “தனி விஷயம் நெறையக் கெடக்குது. இதாருங்க, தலகாணியில அழுவறது?”

“அது மத்தவிங்க சமாசாரம். அதையக் கேக்காதீங்க.”

அவள் மரியாதையாகக் காதை நகர்த்தி வேறு இடத்தில் வைத்தாள். “அடியில ஒண்ணு கடமுடங்குதே.”

“அது என்னுதுங்க.”

“பத்திரமா வெச்சுக்கங்க. வெளிய உட்டா ஊருக்குப் போயிரும். ஊருக்குப் போனது உங்களுக்குத் திரும்பி வராது.”

“சந்து போனதுலயே தெரிஞ்சுக்கிட்டேனுங்க. எனக்கு அந்த ஊர் விஷயந்தான் வேணும். சாயந்தரம் புள்ளைக்கு நிச்சயம்.”

மரகதத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கடலையை உரித்து அவர் கையில் கொடுத்தாள். “ஸ்கூலுக்கு என்னைக்காச்சும் லீவு போட்டீங்களா?”

“நாலாங்கிளாஸ்ல. பொன்னுக்குவீங்கி வந்து தாடை வீங்கிருச்சு.”

“அன்னைக்குத்தான் நடத்தியிருப்பாங்க. போயிப் பாருங்க. அந்த நாளு இன்னும் முடியல.”

“உங்களுக்கு அது தெரியுமுங்களா?” என்று வாசலில் திரும்பி நின்று கேட்டார் நாச்சிமுத்து.

“நல்லாக் கேட்டீங்க போங்க” என்றாள் மரகதம். கடலைத் தொலியைக் கூட்டி அள்ளுவதில் அவளுக்கு நிறைய வேலை இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் லீவு போட்ட நாள் நடந்துகொண்டிருந்தது. லூர்துமேரி டீச்சர் அன்று எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். பிள்ளைகளுக்கு மட்டும் வயதாகிவிட்டது. முழங்காலை மடக்க முடியாமல் பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ரைஸ்மில் சென்னியப்பன் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்.

“நாச்சிமுத்து” என்று டீச்சர் பெயர் கூப்பிட்டார்.

“உள்ளேன் டீச்சர்.”

“தாடை வத்திருச்சா?”

“வத்திருச்சுங்க டீச்சர்.”

“ஒக்காரு.”

அவர் சென்னியப்பன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். டீச்சர் பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“நேத்து சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க டீச்சர்” என்றது வகுப்பு.

“அப்ப சரி. கணக்கு நோட்டை எடுங்க.”

நாச்சிமுத்து சென்னியப்பனின் விலாவில் இடித்தார். “டேய், நேத்து நான் வந்திருந்தனே. டீச்சர் ஒண்ணுமே சொல்லலையே.”

“நேத்து நான் வல்லடா. எங்க மாமன் கலியாணம்” என்றார் சென்னியப்பன். பிடரியில் வேர்த்திருந்ததைத் துடைத்துக்கொண்டார். “இந்த பெல் எப்ப அடிக்கும்னு தெரியல. மில்லுல நெல்லு கெடக்குது.”

நாச்சிமுத்து பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அவரவர் அவரவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. இதைப் பற்றி அவர் மேற்கொண்டு யோசித்திருப்பார். அதற்குள் டீச்சர் வந்து கழித்தலில் கடன் வாங்க மறந்ததற்காக அவருடைய இடது காதைத் திருகினார்.

மண்டபத்துக்கு வந்து சேரும்போது காது சிவந்தே இருந்தது. தாரணி மாம்பழக் கலர் பட்டில் மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

“காது ஏன்ப்பா செவந்திருக்குது?”

“கழித்தல் தப்பாப் போச்சு கண்ணு.”

“சரிங்கப்பா.” அவள் வளையலை உருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அப்பா, உங்களுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்பருந்து?”

“சின்னதுல இருந்தே. மில்லுக்காரர் முதுகுக்குப் பின்னால ஒதட்ட அசைப்பீங்க.”

“உனக்காச்சும் தெரியுமா கண்ணு?”

தாரணி குனிந்துகொண்டாள். “நான் உங்க ஒதட்டப் பாத்துத்தான்ப்பா அசைப்பேன்.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். வெளியே யாரோ நல்ல நேரம் வந்துவிட்டது என்றார்கள்.

பொன்னிபாளையத்தார் முறைப்படி, பெண்ணின் அப்பா சொல்லி முடிக்கும்வரை பெண் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நிற்க வேண்டும். கீழே வைத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், மேலே ஒரு எலுமிச்சை. தாரணி ஏந்திக்கொண்டு மேடையில் நின்றாள். நாச்சிமுத்து மண்டபத்தின் மறு கோடியில் நிறுத்தப்பட்டார். சென்னியப்பன் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டதால் இன்று முதுகு எதுவும் கிடைக்கவில்லை.

“சொல்லுங்க சம்பந்தி” என்றார் தெய்வசிகாமணி.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவருக்கு உதவுகிற மாதிரி சென்னியப்பனின் உதடு அசையத் தொடங்கியது. தனபாக்கியத்தின் உதடு அசைந்தது. நாதஸ்வரக்காரர், சமையல்காரர், தெய்வசிகாமணி, எல்லாருடைய உதடும் அசைந்தது. சத்தம் இல்லை. ஒவ்வொரு உதடும் ஒவ்வொரு விதமாக அசைந்தது. எல்லாருமே பொன்னுக்குவீங்கியில் படுத்திருந்தவர்கள்தான் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போது புரிந்தது. புரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. தட்டு இன்னும் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது.

தூரத்து இடிதான். தட்டு நடுங்கியது. எலுமிச்சை உருண்டு ஓரத்துக்கு வந்து நின்றது. தாரணி யாரையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எலுமிச்சையையே பார்த்தாள்.

நாச்சிமுத்து அவளை நோக்கி நடந்தார். மண்டபம் நீண்டது. இன்னும் நடந்தார். மேடை தள்ளிப் போனது. அலுவலகத்தில் செய்தது போல நின்று பார்த்தார். மேடை வரவில்லை. அவருடைய இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழுந்து வெறுங்காற்றைப் பொத்திக்கொண்டு நின்றன. அடுத்த இடி தலைக்கு மேலே விழும். அவள் தன் காதைப் பொத்திக்கொண்டால் தட்டு விழும். பொத்தாவிட்டால் அவளே விழுவாள். அவளுக்குப் பக்கத்தில் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அவருக்கு அழுகை வந்தது. மழையில் நின்ற தபால்காரருக்கே சந்தைக் கொடுத்தவர் அவர். அந்தச் சந்து போனபோது சுற்றிக்கொண்டு போகலாம் என்று இருந்தது. இதைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி கிடையாது. அதையும் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தார்.

“இடி இடிச்சா தாரணி காதைப் பொத்தோணும்” என்றார் சத்தமாக. “பொறகால நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும். வண்டி போகுது கண்ணுன்னு சொல்லோணும்.”

தெய்வசிகாமணி தன் மனைவியைப் பார்த்தார். அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். சென்னியப்பன் கண்ணை மூடி, ரொம்ப நாள் கழித்து நல்ல சாப்பாடு சாப்பிட்டவரைப் போலத் தலையை ஆட்டினார்.

“அதான். அதேதான்” என்றார்.

“சரியாச் சொல்லிட்டீங்க சம்பந்தி” என்றார் தெய்வசிகாமணி. “ஒரு எழுத்து பெசகல.”

எல்லாரும் எழுந்து நின்றார்கள். இடி இடிச்சா தாரணி காதைப் பொத்தோணும் என்று சேர்ந்து சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. வெள்ளியம்புதூரில் அது முதல் தடவை. யாருக்கும் அது புதிதாகப் படவில்லை. தாரணிக்கும் வெட்கமாக இல்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மண்டபத்துக்கு மேலேயே இடி விழுந்தது. தாரணியின் மாமியார் பின்னால் போய் நின்று அவள் காதுகளைப் பொத்தினாள். “வண்டி போகுது கண்ணு” என்றாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களும் “வண்டி போகுது கண்ணு” என்றார்கள். தட்டு ஆடவில்லை. பத்திரமாக மாறியது.

நாச்சிமுத்து கைகளைத் தூக்கியபடி நின்றார். ஏன் தூக்கினோம் என்று யோசித்தார். பிடிபடவில்லை. தனபாக்கியம் பக்கத்தில் வந்தாள்.

“ஏம் புள்ள, அந்தம்மா எதுக்கு தாரணி காதைப் பொத்துது?”

“நீங்களே சொல்லிப்போட்டு நீங்களே கேக்கறீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றாள் அவள். அவர் சிவந்த காதைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து ஊதி ஒற்றிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாண வீட்டில் அம்மாக்களுக்குக் கலங்குவது சகஜம் என்று நாச்சிமுத்து எண்ணிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து தாரணி பொன்னிபாளையத்துக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் போகும்போது மேகம் உறுமினால் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் பின்னால் வந்து நிற்கிறார். வங்கியில் வரிசையில் நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் கவுண்டருக்குள் வந்து பொத்திவிட்டுத் திரும்பிப் போய் அதே இடத்தில் நிற்கிறார். இடத்தை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. மரகதம் இப்போதெல்லாம் இதைக் கேட்டுத்தான் ஆட்களைச் சோதிக்கிறாளாம். எல்லாரும் பாஸ்.

நாச்சிமுத்து மட்டும் சென்னியப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைக்கிறார். சொற்கள் காதில் நன்றாகவே விழுகின்றன. உட்காருவதற்குள் போய்விடுகின்றன.

ஆடிக்கு மகளை அழைத்து வந்தார்கள். அன்று மதியம் தாரணி கடையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் திடீரென்று குறைந்தது. மேலே ஏதோ பெரிதாக உருண்டது. தாரணியின் கையிலிருந்த கத்தி நின்றது.

தனபாக்கியம் மாடித் துணியை மறந்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கடைக்குள் ஓடி வந்தாள். எதிர்க் கடைக்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“இருங்கம்மா” என்றாள் தாரணி. எதிர்க் கடைக்காரரையும் கை காட்டி நிறுத்தினாள். பிறகு அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன் காதுகளின் மேல் வைத்துக்கொண்டாள். கைகளில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“எதுக்கு கண்ணு?”

“சும்மா இருங்கப்பா.”

நாச்சிமுத்து சும்மா இருந்தார். உள்ளங்கைக்கு அந்தக் காதுகள் அளவெடுத்தது போலப் பொருந்தின. அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் உருண்டு உருண்டு போனது. என்ன சத்தம் அது என்று வாசலை எட்டிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்து, தனக்குத் தோன்றியதைச் சொன்னார்.

“வண்டி போகுது கண்ணு.”

அவள் காதுக்கு அது எட்டியிருக்குமோ என்னவோ. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.